மட்டாஞ்சேரி அரண்மனையும் காபூல் நாடாளுமன்றமும்: வெளியாட்கள் கட்டித் தரும் அரசு ஏன் நிற்பதில்லை?

கொச்சிக்கு டூர் போனவர்கள் மட்டாஞ்சேரி 'டச்சு அரண்மனை'யைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். பெயரை மட்டும் நம்பாதீங்க. அதைக் கட்டியது டச்சுக்காரர்கள் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர்கள் கட்டி, கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது.

காபூலிலும் இப்படி ஒரு பரிசுக் கட்டடம் இருக்கு. இந்தியா கட்டிக்கொடுத்த ஆப்கன் நாடாளுமன்றம். 2015 டிசம்பர் 25 அன்று பிரதமர் மோதி திறந்து வைத்தார். 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபன் காபூலுக்குள் வந்ததும், உட்கார எம்.பி.க்கள் இல்லாமல் போனார்கள். அதே தாலிபனின் வெளியுறவு அமைச்சர் முத்தாகி 2025 அக்டோபரில் டெல்லிக்கே வந்தார். காபூலில் மீண்டும் தூதரகம் திறப்பதாக இந்தியா அறிவித்தது.

இருபது வருஷம், பல நாடுகளின் பணம், கடைசியில் பழைய இடத்துக்கே எப்படி வந்தது?

கொச்சியில் என்ன நடந்தது?

'பழங்குடிச் சமூகம், அதான் அங்கே எதுவும் எடுபடல' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கொச்சி பழங்குடி நாடு இல்லை. ஆனால் அங்கேயும் அதிகாரம் ஓரிடத்தில் இருக்கவில்லை. அரச குடும்பமே தாவழிகள் எனப்படும் கிளைகளாகப் பிரிந்திருந்தது. தாய்வழி முறை என்பதால், எல்லாக் கிளைகளிலும் சேர்த்து வயதில் மூத்த ஆண்தான் ராஜா. அவருக்குக் கீழே பாலியத்து அச்சன், அஞ்சு கைமள்கள் போன்ற பிரபுக்கள். நிலம், நாயர் படை, வரி எல்லாம் அவரவர் கையில்.

போர்ச்சுகீசியர்கள் வாரிசுச் சண்டையில் ஒரு பக்கம் நின்றார்கள். ஒதுக்கப்பட்ட மூத்த தாவழி சும்மா இருக்குமா? அதன் இளவரசர், பாலியத்து அச்சன் துணையோடு, டச்சுக்காரர்களைத் தேடிப் போனார். 1662இல் மட்டாஞ்சேரியிலேயே சண்டை. அரச குடும்பத்து இளவரசர்கள் கொல்லப்பட்டார்கள்; ராணி கங்காதர லட்சுமி சிறைபிடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில் கோட்டை விழுந்தது. டச்சுக்காரர்கள் தங்கள் ஆளை அரியணையில் உட்கார வைத்தார்கள்.

கவனிச்சீங்களா? 'நாம் ராஜாவை உருவாக்குகிறோம்' என்று டச்சுக்காரர்கள் நினைத்திருக்கலாம். ஒரு தாவழி தன் பங்காளிச் சண்டைக்குக் கப்பல் படையைக் கொண்டுவந்தது என்றும் அதே கதையைச் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுது.

கொச்சி ராஜாக்கள் கிரீடத்தைத் தலையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. சாமூதிரியிடம் இழந்த பூர்வீக மண்ணை மீட்கும்வரை அணிய மாட்டோம் என்ற சபதமாம். கிரீடம் கொடுக்க ஆள் இருந்தும், அதை எப்போது அணிவது என்ற கணக்கு வேறிடத்தில் இருந்திருக்கிறது.

பிரபுக்களை அடக்கியது யார்? 1790 முதல் 1805 வரை ஆண்ட சக்தன் தம்புரான், உள்ளூர் ஆள். அவர்களின் அதிகாரத்தைப் பறித்து, தன் அதிகாரிகளை நியமித்தார். மென்மையான மனிதர் இல்லை, பெயரே சொல்லுதே. அவருக்கும் பின்னால் பிரிட்டிஷ் கம்பெனி இருந்தது. 1791 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் கப்பம். அவர் போன பிறகு, 1808 டிசம்பரில், அன்றைய பாலியத்து அச்சன் கொச்சியில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் மெக்காலேயின் வீட்டையே தாக்கினார். ஆமாம், டச்சுக்காரர்களை அழைத்துவந்த அதே குடும்பம்.

ஆப்கானிஸ்தானில் எங்கே சறுக்கியது?

2001 டிசம்பர் பான் மாநாட்டில் தோற்ற தரப்பான தாலிபனுக்கு இடமே இல்லை. 2004 அரசியல் சட்டம் மாகாண ஆளுநரை நியமிக்கும் அதிகாரத்தைக்கூட காபூலில் இருக்கும் அதிபரிடம் கொடுத்தது. ஊர்ப் பஞ்சாயத்தான ஜிர்காவில் பேசித் தீர்த்துப் பழகிய இடங்களுக்கு, யாரென்றே தெரியாத ஆளுநர் வந்து இறங்கினார். அமெரிக்கா மறுகட்டமைப்புக்கு மட்டும் சுமார் 145 பில்லியன் டாலர் செலவழித்தது. கணக்கில் மூன்று லட்சம் பேர் கொண்ட படை.

ஹெல்மண்ட் போன்ற இடங்களில் மட்டாஞ்சேரிக் கதை அப்படியே நடந்தது. நிலத்தகராறு, பழைய பகை இருந்தவர்கள், எதிரியை 'இவன் தாலிபன்' என்று வெளிநாட்டுப் படையிடம் காட்டிக்கொடுத்தார்கள். படை கதவை உடைத்தது. உடைபட்ட வீட்டுக்காரர் அடுத்து யார் பக்கம் போவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் உள்ளூர்க்காரர்கள் விட்டால் சரியாகிவிடுமா?

இங்கேதான் சிக்கல். தாலிபன் ஒரு பழங்குடி அமைப்பு இல்லை; குலங்களைத் தாண்டிய மதகுருக்களின் வலையமைப்பு. இன்று அவர்கள் உத்தரவு நாடு முழுக்கச் செல்லுது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் அதே உத்தரவுகளில் ஒன்று. வெளியாள் கட்டிய அரசில் அந்தப் பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். ஆப்கன் மண்ணிலேயே உருவான அரசில் வீட்டில் இருக்கிறார்கள். 'அவங்க நாடு, அவங்க பாடு' என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லணும்.

இந்தியா 3 பில்லியன் டாலருக்கும் மேல் அங்கே செலவழித்திருக்கிறது. ஹெராத் மாகாணத்து சல்மா அணை, 218 கிலோமீட்டர் சரஞ்ச்-டெலாராம் சாலை எல்லாம் அதில் அடக்கம். அணைக்கும் சாலைக்கும் காபூலில் யார் ஆள்கிறார்கள் என்பது பொருட்டில்லை. நாடாளுமன்றம் அப்படி இல்லை. தூதரக அறிவிப்பு வந்தபோதும் தாலிபன் அரசுக்கு டெல்லி முறையான அங்கீகாரம் தரவில்லை. அதைத் தருவதற்கு முன் என்ன கேட்கப்போகிறது, பெண்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்குமா என்பதைத்தான் இனி நீங்கள் கவனிக்க வேண்டும்.