முறியும் இடம் எது?

பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாட் காலை என் தமக்கையின் மகன் வாயிலில் வந்து நின்றான். ஒரு கையிலே சிறியதொரு ஜீப். மறு கையிலே இரண்டாக முறிந்த பிளாஸ்ரிக் தண்டு. “மாமா, இதை உருக்கிலே வாங்கிப் போட்டால் பிறகு முறியாதுதானே?” என்று கேட்டான். ஆண்டாண்டாகப் பௌதிகம் கற்பித்துவரும் நான், சற்றேனும் சிந்தியாமல், “முறியாது, போடு” என்று கூறிவிட்டேன். அந்த ஒரு சொல்லினால் அவனுடைய உண்டியற் பணம் முழுவதும் கரைந்தது. அது கரைந்த கதையையே இவ்வாரம் மாணவ நேயர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

அந்த ஜீப், கனடாவிலுள்ள அவன் சித்தப்பா அனுப்பியது. வானொலி அலைகளால் இயக்கப்படும் ‘குறோலர்’ எனும் வகையைச் சேர்ந்தது. உண்மை வண்டியின் பத்திலொரு பங்கு அளவினது. வேகமாக ஓடுவது அதன் தொழில் அன்று. பாறையிலும் கற்குவியலிலும் நத்தைபோல ஊர்ந்து ஏறுவதே அதன் பெருமை. எங்கள் வளவின் வேலியோரம், கிணறு வெட்டிய காலத்துச் சுண்ணக்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றினிடையே முன்சில்லு ஒன்று இறுகிக்கொண்ட வேளையிலேதான் தண்டு முறிந்தது.

இவ்வண்டியின் உள்ளமைப்பு ஒரு சங்கிலி போன்றது. மோட்டரின் நுனியிலுள்ள சிறிய பற்சில்லு பெரிய பற்சில்லைச் சுழற்றும். அது கியர்ப்பெட்டியைச் சுழற்றும். அங்கிருந்து இரு தண்டுகள் முன்னும் பின்னும் சென்று அச்சுப்பெட்டிகளைச் சேரும். அவற்றினுள்ளிருக்கும் பற்சில்லுகள் ஈற்றிலே சில்லுகளைச் சுழற்றும். ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் குறையும். குறையக் குறைய முறுக்குவிசை பெருகும்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய பற்சில்லுக்கு 12 பற்கள், பெரியதற்கு 60 பற்கள் எனின் முறுக்குவிசை 5 மடங்காகும். கியர்ப்பெட்டியில் அது இரட்டித்தால் 10 மடங்கு. அச்சுப்பெட்டியில் மும்மடங்காயின் 30 மடங்கு. உராய்வினால் இழப்பது போக எஞ்சியது சில்லைச் சேரும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் இரு பக்கச் சில்லுகளும் ஒன்றாகவே பூட்டப்பட்டிருக்கும். ஆகவே ஒரு சில்லு கல்லிடையே சிக்கி ஏனையவை அந்தரத்தில் நிற்குமாயின், அவ்வளவு முறுக்கையும் அந்த ஒரு வழியே தாங்கவேண்டும். தாங்கமாட்டாத உறுப்பு முறிகின்றது.

மருமகன் உருக்குத் தண்டுகளை வருவித்துப் பூட்டினான். இரண்டு நாள் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் அச்சுப்பெட்டியினுள்ளே கறகறவென்று ஓசை. திறந்து பார்த்தால் பற்சில்லின் பற்கள் மழுங்கிக் கிடந்தன. அதனையும் உருக்காக மாற்றினான். அடுத்து கியர்ப்பெட்டியின் பிளாஸ்ரிக் பற்சில்லு சிதைந்தது. அதுவும் மாறியது. அதன்பின் ஒன்றும் முறியவில்லை. மோட்டரிலிருந்து புகை எழுந்தது! முறிவை நாங்கள் நீக்கவில்லை. ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் துரத்திக்கொண்டே சென்றோம். மலிவான தண்டிலே நின்றிருக்கவேண்டிய நட்டம் விலைமிக்க மோட்டரில் வந்து முடிந்தது.

அன்றுதான், முதல் நாளிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்: “தம்பி, நீ வண்டியிலே வேறேதும் மாற்றினாயா?” அவன் தலையைச் சொறிந்தான். வண்டியுடன் வந்தது இரண்டு கலங்களையுடைய 7.4 வோல்ற்றுப் பற்றரி. வேகம் போதாதென்று 11.1 வோல்ற்றுடைய மூன்று கலப் பற்றரியை இட்டிருக்கின்றான். வோல்ற்றளவு ஒன்றரை மடங்கானால், சுழலமாட்டாது நின்றுவிட்ட மோட்டர் தரும் முறுக்குவிசையும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அதிலே பிறக்கும் வெப்பமோ இரண்டேகால் மடங்காகும். தண்டு முறிந்தது அதன் குற்றமன்று. அது உண்மையை முதலில் உரைத்த சாட்சி. நாங்கள் சாட்சியை மாற்றிவிட்டு வழக்கை அப்படியே விட்டோம்.

பிளாஸ்ரிக் என்றாலே இழிவென்று எண்ணுதல் தவறு. 1935 ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நைலோன், பின்னர் வந்த அசிற்றல் ஆகியவை பற்சில்லுக்கு உகந்தவை. எண்ணெய் அதிகம் வேண்டா, ஓசை குறைவு, துருப்பிடியா. நீரின் எடையை 1 எனக் கொண்டால் அதே கனவளவு நைலோன் ஏறக்குறைய 1.14, உருக்கோ 7.85. வீட்டு மின்சாரத்திலே உருகி செய்யும் காவலையும் மெலிந்த உறுப்பொன்று இங்கே செய்கின்றது. உருகி அடிக்கடி எரிகின்றதென்று அவ்விடத்தில் தடித்த கம்பியைக் கட்டுபவனை நாம் அறிவாளி என்போமா?

அப்படியாயின் எதையும் மாற்றலாகாதா? மாற்றலாம், ஆனால் ஒழுங்கு வேண்டும். முதலில் காரணத்தைத் தேடுக. மோட்டரின் பற்சில்லும் பெரிய பற்சில்லும் மிக நெருங்கினாலும் கேடு, மிக விலகினாலும் கேடு. இரண்டுக்குமிடையே மெல்லிய கடதாசித் துண்டொன்றைக் கொடுத்து நெருக்கி, ஆணியை இறுக்கியபின் கடதாசியை எடுத்துவிட்டால் இடைவெளி அளவாக அமையும். பற்றரி, வண்டிக்கு விதித்ததுதானா என்று பார்க்க.

இவையெல்லாம் சரியாகவிருந்தும் முறியுமாயின், முறுக்கைத் தாங்கும் தண்டையும் அச்சுப்பெட்டியின் பற்சில்லையும் உருக்காக்குக. புதிய தண்டு நீண்டும் குறுகியும் கொடுக்கின்றதா என வண்டியை அமுக்கிப் பார்த்தல் அவசியம். நீளம் மிகுந்தால் அதுவே கியர்ப்பெட்டியை இடிக்கும். உலோகத்தில் இறங்கும் ஆணிக்கு, ஆணி கழலாமற் காக்கும் பசை ஒரு துளி இடுக. பிளாஸ்ரிக்கில் இறங்கும் ஆணிக்கு அதனை இடவேண்டா, சிலவகைப் பிளாஸ்ரிக்கை அது வெடிக்கச் செய்யும். பித்தளை பாரமானது, அதனைத் தாழ்வாக, அச்சுக்களின் அருகே வைத்தால் வண்டி எளிதில் கவிழாது, மேலே வைத்தால் கவிழ்த்துவிடும். யாவற்றுக்கும் மேலாக, எளிதிற் கழற்றக்கூடிய மலிவான உறுப்பொன்றை மெலிந்ததாகவே விட்டுவைக்க. மோட்டரை அடுத்த பெரிய பற்சில்லு அதற்கு ஏற்றது. பாரம் மிகும்போது வழுக்கிக் கொடுக்கும் கிளச் உள்ள வண்டியாயின் அதுவே போதும்.

மருமகனுக்குப் புதிய மோட்டரை நான் வாங்கிக் கொடுத்தேன். ஆசிரியன் பிழைக்கு ஆசிரியனே தண்டம் இறுக்கவேண்டுமன்றோ? இப்பொழுது பழைய பற்றரி, உருக்குத் தண்டுகள், பெரிய பற்சில்லு மட்டும் பிளாஸ்ரிக். சென்ற கிழமை அதிலே இரண்டு பற்கள் போயின. அவன் முகம் வாடவில்லை. “மாமா, முறியவேண்டிய இடத்திலேதான் முறிந்திருக்கிறது” என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து மற்றொன்றை எடுத்துப் பூட்டினான். பத்து நிமிடத்தில் ஜீப் மீண்டும் கல்லேறியது.