விளையாட்டைப் படம் பிடிக்கக் காமிரா வாங்குமுன்

விளையாட்டுப் போட்டிகளை வீடியோப் படமாக்கும் வழக்கம் இன்று பள்ளிகளில் பெருகி வருகிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், எதற்காகப் படம் பிடிக்கிறோம் என்பதைத் தெளிந்த பின்னரே எந்தக் காமிரா என்று ஆராய வேண்டும். ஆழம் அறியாமல் காலை விடலாமா?

ஆண்டு விழாவில் காட்டிக் கைதட்டல் பெறுவது மட்டும் நோக்கமென்றால் எந்தக் காமிராவும் போதும். ஆனால் ஆடியவர்கள் தம் ஆட்டத்தைத் தாமே கண்டு திருந்த வேண்டும் என்பதல்லவா நமது நோக்கம்? கூடைப்பந்தில் ஒருத்தியின் கையில் பந்து இருக்கும்போது மற்ற நால்வரும் எங்கே நின்றனர், எப்போது ஓடினர் என்பதே பயிற்சிக்கு உதவும். ஆகவே, பந்தைத் துரத்தும் காமிராவைவிட, உயரமான இடத்தில் முக்காலியின்மேல் நின்று ஆடுகளம் முழுவதையும் காணும் காமிராவே மேல் என்போம்.

கடைக்காரர் 4கே என்னும் தெளிவைப் புகழ்வார். நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வினாடிக்கு எத்தனை படங்கள் என்பதே. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பந்து வினாடிக்கு 25 மீட்டர் கடக்கும். வினாடிக்கு 25 படங்கள் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பந்து 1 மீட்டர் தாண்டிவிடும். 50 படங்கள் எடுத்தால் அரை மீட்டர்தான். அடுத்தது, லென்சினாலேயே நெருக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூம். டிஜிட்டல் ஜூம் படத்தின் ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்குமேயன்றித் தெளிவைக் கூட்டாது.

இவற்றுக்கெல்லாம் பணமில்லாத பள்ளி என்ன செய்யும்? முதலில் நல்ல முக்காலி ஒன்று வாங்கட்டும். அசையாமல் நிற்கும் கைப்பேசி, நடுங்கும் கையிலுள்ள விலையுயர்ந்த காமிராவைவிட நன்றாகப் பாடம் சொல்லும்.

பதிவு செய்யும் பொருளிலும் கவனம் தேவை. ஜப்பானில் 1976-இல் வெளிவந்த வி.எச்.எஸ். நாடாவில் பூஞ்சை படிவதுண்டு. எனினும் பதிந்த நாடா அலமாரியில் தங்கியது. இன்றைய மெமரி கார்டோ அடுத்த ஆட்டத்துக்காக அழிக்கப்படுகிறது. வினாடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிந்தால் 64 ஜி.பி. கார்டில் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் பதியலாம். அதற்கு வினாடிக்குச் சுமார் 6 மெகாபைட் வேகமே வேண்டும். வி30 என்று பொறித்த கார்டு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதுமாதலால் அதுவே தாராளம். அதற்குமேல் வேகத்துக்குச் செலவிடும் பணத்தை ஹார்டு டிஸ்க்கில் போட்டு, இரண்டு பிரதிகள் எடுத்து, அவற்றை வெவ்வேறு இடங்களில் வைப்பதே விவேகம்.

மாணவியரின் உருவம் அடங்கிய படம் கண்டவர் கைக்கெல்லாம் செல்லலாகாது. எனவே, கார்டுக்கும் பிரதிகளுக்கும் ஆசிரியை ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

வென்ற ஆட்டத்துக்குக் கோப்பை சாட்சி சொல்லும். தோற்ற ஆட்டத்துக்கோ படம் ஒன்றே சாட்சி. அடுத்த ஆண்டின் அணி கற்க வேண்டிய பாடம் அதில்தான் மிகுதி. தோழியரே, அதையும் அழியாமல் காப்போமாக!