குத்தூசியும் குமரி வருமமும்

1971-இல் பீக்கிங் சென்ற அமெரிக்கச் செய்தியாளர் சேம்சு இரெசுட்டன், குடல்வால் அறுவைக்குப்பின் எழுந்த வயிற்று நோவு குத்தூசியால் தணிந்ததை எழுதினார். உலகம் வியந்தது. 2010-இல் யுனெசுகோ அக்கலையைச் சீனரின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் ஏற்றியது.

குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோட்டு ஆசான்மாரிடம் ஊசியில்லா வருமக்கலை உண்டு, விரலே கருவி. படுவருமம் 12, தொடுவருமம் 96 என 108 இடங்களை வகுத்து, சுளுக்கு, பிடிப்பு, இடுப்புநோவு, எலும்புமுறிவு ஆகியவற்றுக்குத் தடவியும் கட்டியும் மருத்துவம் செய்கின்றனர். சுவடிகளோ தமிழ்ச் சுவடிகள். (சீனர்க்குக் கற்பித்தவரே நாம்தாம் என மார்தட்டுவாரும் உளர். சான்றில்லாப் பெருமை நமக்கெதற்கு?)

சுவடியை மறைத்ததற்குக் கரணியம் இருந்தது. நோவாற்றும் இடமே, அடித்தால் உயிர்பறிக்கும் இடம். ஆகவே, பல்லாண்டு பழகி, மாணவன் உள்ளமறிந்தே கொடுத்தனர். இன்றோ பழகுவார் அருகி, ஆசானோடு கலையும் சுடுகாடு போகின்றது. இது காவலா, கொலையா?

அடிமுறை ஆசானிடமே இருக்கட்டும். இளக்குமுறையும் தடவுமுறையும் அச்சேற வேண்டும். தாம்பரத்துச் சித்த மருத்துவ நிறுவனமும் முஞ்சிறைச் சித்த மருத்துவக் கல்லூரியும், பட்டம் கேளாது, ஆசான்மாரை அழைத்து இருக்கையிட்டுக் கற்பிக்கச் செய்யட்டும். எந்நோவு தீர்ந்தது, எது தீரவில்லை என்பதையும் தமிழிலேயே, ஒளிக்காமல் எழுதி வைக்கட்டும்.