கேஜ் பார்த்து வாங்குங்கள்

ரயில்வேயில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவனிடம் "கேஜ்" என்று சொன்னால் அவன் மனத்தில் தோன்றுவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையேயான 1676 மில்லிமீட்டர்தான். 1976-இல் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை திருவனந்தபுரத்துக்கு வந்தபோது, பள்ளிக்கூடப் பையனாகத் தம்பானூரில் நின்று வேடிக்கை பார்த்தவன் நான். பிறகு டிப்ளமோ முடித்து ரயில்வே மின்பிரிவில் சேர்ந்து, ஓய்வும் பெற்றாயிற்று. அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குச் சாலையில்தான் வாசம். எங்கள் சாலைக் கம்போளத்து இரும்புக் கடைகளில் கேஜ் என்றால் கம்பியின் தடிமன். இந்த இரண்டு கேஜும் தெரியும் என்ற தைரியத்தில் மூன்றாவதாக ஒரு கேஜில் ஏமாந்துபோனேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேத்திக்கு ஒன்பது வயதில் கிட்டார் ஆசை வந்தது. வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் படிக்கிறார்களாம். நம் காலத்தில் "பயணங்கள் முடிவதில்லை" படத்தில் (1982) இளையநிலா பாட்டுக்கு முன்னால் வரும் கிட்டாரைக் கேட்டு மயங்காதவர் யார்? எனக்கு அன்று வாங்க வசதியில்லை. பேத்திக்காவது இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அதில் இருந்த கம்பிகள் கறுத்துவிட்டன. புதுக் கம்பி வாங்க நகரத்தில் ஒரு கடைக்கு நானே போனேன்.

"எந்த கேஜ் சார்?" என்று கேட்டான் பையன். எதிரில் 10, 11, 12, 13 என்று உறைகள் தொங்கின. இரும்புக் கடைக் கணக்கில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் கம்பி என்றால் மூன்றேகால் மில்லிமீட்டர், வேலி கட்டலாம். 30 கேஜ் என்றால் நூல் மாதிரி. குழந்தை விரலுக்கு மெல்லிசாக இருக்கட்டுமே என்று, "பதின்மூன்று கொடு" என்றேன். உறையில் "மீடியம்" என்றும் போட்டிருந்தது. நடுத்தரம்தானே என்று திருப்தியோடு வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன்.

கிட்டார்க்காரர்களின் கணக்கு நேர்எதிர் என்பது எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சொல்லும் எண், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 10 என்றால் கால் மில்லிமீட்டர். 13 என்றால் 0.33 மில்லிமீட்டர். எண் கூடினால் தடிமன் கூடும். பெயர்களும் ஆளை ஏமாற்றும். 12-க்குப் பெயர் "லைட்", 10-க்கு "எக்ஸ்ட்ரா லைட்". "மீடியம்" என்று எழுதிய 13 வளர்ந்த ஆளின் கைக்கே பாரம். (உறையில் "80/20 வெண்கலம்" என்றும் இருக்கும். அது செம்பு 80 பங்கும் துத்தநாகம் 20 பங்கும் கலந்த உலோகம். நம் சாலைப் பாத்திரக் கடைக்காரர் அதைப் பித்தளை என்றுதான் சொல்வார்.)

இரண்டாம் வாரம் பேத்தி, "தாத்தா, விரல் எரியுது. இன்னிக்கு வேண்டாம்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீணை படிச்ச உங்க அத்தைப்பாட்டிக்கும் எரிஞ்சுதான் விரல் காய்ச்சுது. விடாம வாசி." ஒரு மாதம் கழித்து அவள் எரிகிறது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டாள். கிட்டார் பீரோவின் மேல் ஏறிவிட்டது. "ஆரம்ப சூரத்தனம்" என்று வீட்டில் எல்லோரும் பேசினோம். மருமகள் மட்டும், "மாமா, அவ ஆசையாத்தானே படிச்சா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

அந்த ஆண்டு இடவப்பாதி மழை முடிந்து ஒருநாள் கிட்டாரை இறக்கிப் பார்த்தேன். கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ், வீணையில் குதிரை என்போமே அதைப் போன்றது, பின்பக்கம் பலகையை விட்டு எழும்பியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. அப்போதுதான் எனக்குள் இருந்த என்ஜினியர் விழித்தார். ஸ்க்ரூ கேஜை எடுத்துக் கம்பியை அளந்தேன். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

கணக்கு பழையது. மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1636-இலேயே நூலில் எழுதிவைத்தது. நீளமும் சுருதியும் மாறாமல் கம்பியின் தடிமனை மட்டும் கூட்டினால், இழுவிசை அந்தத் தடிமனின் வர்க்கமாகக் கூடும். 10-க்கும் 13-க்கும் தடிமனில் வித்தியாசம் 30 சதவீதம்தான். இழுவிசையிலோ 69 சதவீதம்! சாதாரண கிட்டாரில் முதல் கம்பி 10 என்றால் சுமார் ஏழரை கிலோ இழுவிசை. 12 என்றால் பத்தரைக்குச் சற்று மேல். 13 என்றால் பன்னிரண்டரை. ஆறு கம்பிக்கும் சேர்த்தால் 10 செட் 60 கிலோவுக்குப் பக்கம், 12 செட் 70-க்கு மேல், 13 செட் 85-ஐ ஒட்டி வரும்.

மின்ரயில் பாதையில் தலைக்கு மேல் போகும் கம்பியை 1000 கிலோ விசையில் இழுத்து நிறுத்துவோம். அதற்கு எஃகுக் கம்பம், எடைக்கட்டிகள், கப்பி எல்லாம் உண்டு. கிட்டாரில் 85 கிலோவைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பலகையும் பசையும். ஒரு பருத்த மனிதரை இரவும் பகலும் அந்தப் பலகையில் தொங்கவிட்டதற்குச் சமம். அதைவிடப் பெரிய கணக்கு, ஒன்பது வயது விரல் அந்தக் கம்பியைத்தான் தினமும் அரைமணி நேரம் அழுத்தியிருக்கிறது. குழந்தை ஓடவில்லை, நான் விரட்டியிருக்கிறேன்.

அக்காவின் உதாரணத்தைச் சொன்னேன் அல்லவா? நினைத்துப் பார்த்தால் அதுவும் தப்பு. அவள் வீணை வாத்தியார் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெல்லிசுத் தந்தி போடுங்கோ" என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினார். கமகத்துக்குத் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். தடித்தால் கை வராது. மாண்டலின் சீனிவாஸ் என்ன செய்தார்? இரண்டிரண்டாக எட்டுக் கம்பி இருந்த வாத்தியத்தை ஒற்றைக் கம்பிகளாக ஐந்தாக்கி, நம் சங்கீதத்துக்கும் தன் கைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார். வாத்தியத்துக்காக அவர் கையை வதைக்கவில்லை.

சில ஆசிரியர்கள், "தடித்த கம்பியில்தான் நாதம் வரும், வலி பொறுத்தால்தான் வித்தை" என்பார்கள். முதல் பாதி உண்மை. 12-இல் ஒலி கூடுதல், கனமும் கூடுதல். தேவாலயத்தில் பாட்டுக்குத் துணையாக ஓங்கி வாசிப்பவர் அதைத்தான் போட வேண்டும். ஆனால் அவர் பத்து வருடம் வாசித்தவர். விரல் காய்க்க எந்தப் பிள்ளைக்கும் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்களில் வெறுப்பு வராமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை. 10-இல் தொடங்கட்டும். ஒரு வருடம் கழித்து 11, பிறகு வேண்டுமானால் 12. அதுவும் அவர்கள் கேட்டால்.

கம்பி மாற்ற உடனே வசதியில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. எல்லாக் கம்பியையும் ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, இறக்கிச் சுருதி கூட்டி, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிவிடுங்கள். பழைய சுருதியே கிடைக்கும், இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். சின்னப் பிள்ளைக்கு முக்கால் அளவு கிட்டார் வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே லாபம்தான்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மெல்லிய கம்பி போட்டும் பயனில்லை. தெரிந்தவரிடம் கொடுத்து இறக்க வேண்டும். நம் ஊர் மழை ஈரத்தில் பலகை உப்பிக் கம்பி தானாகவே உயரும் என்பதால், ஜனவரியில் சரியாக இருந்த கிட்டார் ஜூலையில் கடிக்கும். கடற்காற்றும் கை வியர்வையும் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி அரம் மாதிரி விரலை அறுக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒரு தடவை துடைத்து வைத்தால் போதும்.

வீட்டில் இருப்பது நைலான் கம்பி கிட்டார் என்றால் மறந்தும் எஃகுக் கம்பி மாட்டாதீர்கள். முன்னாளில் ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு போட்ட வகை அது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு நைலானுக்கு மாறியது. 40 கிலோ அளவுக்குச் செய்த பலகை 70 கிலோவைத் தாங்காது. விரலுக்கு மிக இதமானது அதுதான். கழுத்துப் பட்டை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

நம் குடும்பங்களில் எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்துக் கிட்டார் வாங்குகிறோம். வகுப்புக்கு ஃபீஸ் கட்டுகிறோம். சில நூறு ரூபாய்க் கம்பியின் எண்ணைக் கேட்பதில்லை. பிள்ளை நிறுத்தினால், "உனக்கு எதிலும் நிலையில்லை" என்று ஒரு பட்டமும் கொடுத்துவிடுகிறோம். நான் கொடுத்தேன்.

பிரிட்ஜை ஒட்டவைத்து, 10 கேஜ் மாட்டி, பேத்தியிடம் நடந்ததைச் சொல்லி நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். "இப்ப நல்லா இருக்கு தாத்தா" என்று சொல்லித் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது, பாட்மின்டன் ஆடுகிறாள். தம்பி வாசிக்கிறான். அவன் வாசிக்கும்போது அவள் பக்கத்து அறையிலிருந்து, "சுருதி இறங்கியிருக்கு, சரி பண்ணு" என்று குரல் கொடுப்பாள். அவள் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளின் கிட்டாரையும் எடுத்து வாருங்கள். ஸ்க்ரூ கேஜ் என் பையில் இருக்கும்.