அனுப்பும் முன் ஒருவர் படிக்கட்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் மூழ்கின. தூத்துக்குடித் தெருக்களில் படகு ஓடியது. எங்கள் பகுதியில் சிக்னல் திரும்பியதும் என் போனில் முதலில் வந்து விழுந்தது ஒரு கடையின் கிறிஸ்துமஸ் தள்ளுபடிச் செய்தி. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்! கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். முன்கூட்டியே நாளும் நேரமும் குறித்து வைத்த மென்பொருள் சொன்ன வேலையைச் செய்துவிட்டது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி இப்படிப்பட்ட செய்திகளின் வாசகத்தை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். அந்த வாசகத்துக்கும் ஒப்புதல் இருந்திருக்கும். அது போகும் நாளுக்குத்தான் யாரும் ஒப்புதல் தரவில்லை.

நான் இங்கே ஒரு கிளியரிங், ஃபார்வர்டிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். உப்பு, மீன், கரூர் ஜவுளி, திருப்பூர் பனியன் என்று சரக்கு அனுப்பும் பார்ட்டிகளுக்கு ரேட் அனுப்புவதும் புதுப் பார்ட்டி பிடிப்பதும் என் பொறுப்பு. இப்போது மென்பொருள் விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: ஏஐயே எழுதும், ஏஐயே அனுப்பும், நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

பார்க்கவே வேண்டாத செய்திகள் நிறைய உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கன்டெய்னர் பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட்டது, பி.எல். என்கிற சரக்குச் சீட்டு தயார், பில் கட்டக் கடைசி நாள் என்பதையெல்லாம் எந்திரமே அனுப்பட்டும். பார்ட்டி காத்திருக்கும் பதில்கள் அவை, தாமதம்தான் அங்கே தப்பு. எல்லாவற்றையும் சோதிக்கப் போனால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச் 8 அன்று நாடே பார்த்தது. பதிவு செய்த வாசகத்தோடு ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் தொலைபேசி நிறுவனங்கள் ஒப்பிடத் தொடங்கியதில் வங்கிகளின் ஓ.டி.பி.யே சிக்கிக்கொண்டது. மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது.

ஆனால் ரேட் விஷயம் வேறு. இங்கிருந்து ஐரோப்பா போகும் பெட்டி பெரும்பாலும் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் ஏறும். செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன நாட்களில், காலையில் கேட்ட ரேட் மாலைவரை நிற்குமா என்பதே சந்தேகம். அப்போது போன வாரத்து ரேட்டை எந்திரம் ஐம்பது பேருக்கு அனுப்பிவிட்டது என்று வையுங்கள். அதை நம்பிக் கரூர்க்காரர் ஜெர்மனியில் உள்ள பையருக்கு விலை சொல்லிவிடுவார். வித்தியாசத்தை யார் தாங்குவது? பஞ்சாயத்துக்கு மென்பொருள் வந்து உட்காராது. புதிய பார்ட்டிக்குப் போகும் முதல் கடிதத்தையும் ரேட்டைப் போலவே, மனிதர் படித்த பிறகே போக வேண்டியவற்றில்தான் சேர்ப்பேன்.

பார்த்த பிறகே அனுப்புவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சர்க்கார் சும்மா அறிவிப்பு விடாது. முதலில் அதிகாரி, கடலடியில் சிப்பி விளையும் பாருக்குப் போவார். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, திறந்து, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பார்கள். தேறும் என்று தெரிந்த பிறகே குளிகாரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அறிவிப்பு போகும். தேறாவிட்டால் அந்த வருஷம் குளிப்பே இல்லை. அறிவிப்பை நம்பி ஊர்விட்டு ஊர் பணத்தோடு வருகிறவர்களை ஏமாற்றிவிட்டு, அடுத்த முறை கூப்பிட முடியாதல்லவா?

மனித ஒப்புதல் என்று பல ஆபீஸ்களில் நடப்பது கேலிக்கூத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், மேனேஜர் முன்னால் இருநூறு மெயில் வரிசையாக நிற்கும். இரண்டைத் திறப்பார், மொத்தத்துக்கும் ஓ.கே. தட்டுவார். இதற்கு எந்திரமே தேவலை. குறைந்தபட்சம் அது, தான் படித்ததாகப் பொய் சொல்லாது. படிக்க வேண்டியதைக் குறைத்தால்தான் படிப்பார்கள். சாதாரண அறிவிப்புகளைத் தாராளமாக எந்திரத்திடம் விடச் சொல்வதும் அதற்காகத்தான்.

ஆள் இல்லை என்று சின்ன ஆபீஸ்கள் சொல்லும். புதிய ஆள் கேட்கவில்லை. இருக்கிறவர்களில் ஒருவருக்கு, முதலாளியைக் கேட்காமலே எல்லா விளம்பரத்தையும் நிறுத்தும் அதிகாரம் கொடுத்தால் போதும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலோ, மழைக்காகக் கலெக்டர் விடுமுறை விட்டாலோ அவர் நிறுத்திவிட வேண்டும். மற்ற நாட்களில் ரேட் மெயிலுக்குக் கீழே, அதைப் படித்து அனுப்பியவரின் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும். தன் பெயர் போகிறது என்றால் மனிதர் கட்டாயம் படிப்பார்.

அடுத்த முறை மென்பொருள் விற்க வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது? எந்தச் செய்தியை யார் பார்த்து அனுப்பினார் என்பது பதிவாகுமா? பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.