கொடி ரோஜாவை வெட்டாதீர்கள், கட்டுங்கள்!

டில்லியில் நம்மவர் வீடுகளில் துளசி உண்டு, கறிவேப்பிலை உண்டு. டிசம்பர் வந்தால் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கிய ரோஜாத் தொட்டி இரண்டும் உண்டு. மே மாத 'லூ' காற்றில் அவை காய்ந்து போகும். அடுத்த டிசம்பரில் வேறு இரண்டு. கொடி ரோஜா வையுங்களேன் என்றால், "அது நன்றாகப் பூக்க மூணு வருஷம் ஆகும் சார், அதற்குள் மாற்றல் வந்துவிடும்" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூன்று வருடம் என்று வந்து முப்பது வருடமாக இங்கேயே இருப்பவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்!

ஒருமுறை வேரூன்றிவிட்டால் டில்லி வெயிலையும் பனியையும் தாங்கும் செடி அது. ஐந்தாறு மணி நேர வெயிலும், கோடையில் காலை வேளையில் வேர்வரை இறங்கும் தண்ணீரும் போதும். கொடி என்கிறோமே தவிர, அவரையைப் போல் சுற்றிக்கொண்டு ஏற அதற்குத் தெரியாது. நாம்தான் கட்டிவிட வேண்டும். சூட்சுமமே அதில்தான். கிளையை நேராக மேலே விட்டால் நுனியில்தான் பூக்கும். வளைத்து, வேலிக் கம்பியில் படுக்கைவாட்டில் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக்கிளை விட்டுப் பூக்கும்.

எங்கள் காலனியில் ஒரு அக்டோபரில் காண்டிராக்ட் மாலி புதர் ரோஜாக்களோடு கொடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினார். கொடி ரோஜா பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் கிளைகளிலிருந்துதான் பூக்கும். அந்தக் குளிர்காலம் ஒரு பூ இல்லை. குடியிருப்போர் சங்கத்திலோ, "செடி சரியில்லை, பிடுங்கிவிடலாம்" என்று யோசனை சொன்னார்கள்! காய்ந்த கிளைகள், மிகப் பழைய கிளைகள், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுத் தளிர்கள் இவற்றை மட்டும் நீக்கினால் போதும்.

நர்சரியில் வெளிநாட்டுப் பெயர்களைத்தான் அடுக்குகிறார்கள். கோதுமை விஞ்ஞானி பி.பி. பால் உருவாக்கிய 'டில்லி ஒயிட் பேர்ல்' என்ற வெள்ளைக் கொடியைக் கேட்டுப் பாருங்கள். 1882-இல் ஜார்ஜ் வாட் மணிப்பூர் மலைகளில் கண்ட காட்டுக் கொடி ரோஜாவைக் கலந்து, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கியவர் ஐ.ஏ.எஸ். பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவன். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலும் ஒரு ரோஜா தந்திருக்கிறார். நம் பக்கத்து மனிதரின் பெயர் நமக்கே தெரியாமல் இருப்பது நியாயமா?

நேதாஜி நகர், சரோஜினி நகர் பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்பட்டபோது யாரோ வைத்துவிட்டுப் போன செடிகளும் சேர்ந்து போயின. இன்னும் இடிபடாத காலனிகளில் பழைய கொடி ரோஜா கண்ணில் பட்டால், கேட்டுக்கொண்டு டிசம்பர், ஜனவரியில் பென்சில் கனத்துக் குச்சி நாலைந்து வெட்டி வாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கணு இருக்கட்டும். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். எல்லாம் பிழைக்காது. வேர்விட்டது ஒன்றானாலும் தொட்டியில் இருக்கும். மாற்றல் வந்தால் சாமான் லாரியில் அதுவும் ஏறும்.