மரபணு சிகிச்சை: தீவுக் குழந்தைக்கு எட்டுமா?

புதுதில்லி: பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றக் குறைபாடுகளுக்குக் கல்லீரலைக் குறிவைத்து அளிக்கப்படும் மரபணு சிகிச்சை, ஆய்வுக்கூடத்தைத் தாண்டி மருத்துவமனைக்கு வந்துவிட்டது. அதன் பயன் அந்தமான்-நிகோபார் தீவுகளில் பிறக்கும் குழந்தைக்குக் கிட்டுமா என்ற கேள்விக்கு விடை கூற வேண்டியது மத்திய அரசு.

புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் பணி. இதற்கான நொதி இல்லாவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்கும். சிபிஎஸ்-1 என்ற நொதி இன்றிப் பிறந்த ஒரு குழந்தைக்கு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2025-ல், அதன் மரபணுப் பிழையைத் திருத்தவென்றே ஆறு மாதங்களில் தயாரிக்கப்பட்ட மருந்து, நுண்ணிய கொழுப்புத் துகள்களில் பொதிந்து கல்லீரலுக்கு அனுப்பப்பட்டது. குழந்தையின் நிலை மேம்பட்டது. 1999-ல் அதே மாநிலத்தில், இதே வகை நோய்க்கான சோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்ததை நினைத்தால் இது நெடும் பயணமே.

இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை, ஹீமோபீலியா நோயாளிகள் ஐவருக்கு ரத்தக் குருத்தணுக்கள் வழியாக மரபணு சிகிச்சை அளித்து, முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டது. அது கல்லீரல் வழி அல்ல. எனினும் திறமை இங்கும் உண்டு என்பதற்குச் சான்று.

தடை பணத்தில் இருக்கிறது. ஹீமோபீலியா-பி நோய்க்கு 2022-ல் அமெரிக்கா அனுமதித்த, கல்லீரலில் செயல்படும் மரபணு மருந்தின் விலை 35 லட்சம் டாலர். 2021-ல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கைப்படி, நோயாளி ஒருவருக்கு உச்சவரம்பு ரூ. 50 லட்சம். யூரியா சுழற்சிக் குறைபாடுகளுக்கு ஒருமுறைத் தீர்வாக அக்கொள்கை குறிப்பிடுவது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. அரிய நோய்களுக்கு ரூ. 974 கோடியில் தனி நிதியம் அமைக்க தில்லி உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இந்த உதவியும் மத்திய அரசு அறிவித்த சிறப்பு மையங்கள் வழியாகவே கிடைக்கும். தீவுகளில் அத்தகைய மையம் இல்லை. சென்னை எழும்பூர் அல்லது கோல்கத்தாவுக்குத்தான் வர வேண்டும். தலைநகரிலிருந்து (2024 வரை போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சென்னைக்குக் கடல்வழி சுமார் 1,200 கி.மீ.; கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். அம்மோனியா ஏறும் பச்சிளம் குழந்தைக்கோ அவகாசம் சில மணி நேரமே.

சிறப்பு உணவு போன்ற குறைந்த செலவிலான சிகிச்சைகளை மாநில அரசுகள் ஏற்கலாம் என்கிறது கொள்கை. சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்பதே வழக்கமான வாதம். 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் மக்கள் வாழும், தமிழர்களும் கணிசமாக உள்ள இத்தீவுகளுக்கு அந்த வாதம் பொருந்தாது. இங்கு சட்டப்பேரவை இல்லை. துணைநிலை ஆளுநர் மூலம் ஆள்வது மத்திய அரசே. பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடமில்லை.

கோடிகள் தேவைப்படாத பணிகளும் உள்ளன. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில சொட்டு ரத்தத்தைத் தாளில் உலர்த்தி விமானத்தில் அனுப்பினாலே பல குறைபாடுகளைக் கண்டறியலாம். சந்தேகம் எழுந்தவுடன் அம்மோனியா பரிசோதனை, தாமதமற்ற விமானப் போக்குவரத்து ஆகியவை மற்ற உயிர்களைக் காக்கும். நோயையே கண்டறியாத இடத்தில் எவ்வளவு உயர்ந்த மரபணு மருந்தும் பயன் தராது.